கட்டாயக் கல்யாணக் கதை புடிக்கும், ஆனா அடிக்கிற ஹீரோ வேணாம். எப்படிப் பாத்து எடுக்குறது?

கும்மாயம்:
எல்லாருக்கும் வணக்கம், காரைக்குடில இருந்து எழுதுறேன். எனக்குக் கட்டாயக் கல்யாண ட்ரோப்னா (பல கதைல திரும்பத் திரும்ப வர்ற கதைப் போக்கைத்தான் ட்ரோப்ங்கிறாக) உசுரு, வேற வழியில்லாம தாலி கட்டிட்டு அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா மனசு ஒட்டுமே அது. ஆனா கதை ஆப்ல அந்த டேக் பாத்து எடுத்தா பாதிக் கதைல ஹீரோ அறையுறான், ரூம்ல வச்சுப் பூட்டுறான், கடைசி எபிசோட்ல ஒரு ஸாரி, அவளும் அழுதுகிட்டே தோள்ல சாஞ்சுக்கிறா. போன வாரம் படிச்சதுல அந்தப் பொண்ணு ரெண்டு நாள் சாப்பிடாம கெடக்கா, அதுக்குப் பேரு உரிமையாம். மனசே ஆறல, போனை வச்சுட்டுப் படுத்துட்டேன். ட்ரோப் பாத்து எடுக்குறதே தப்பா?

தேன்குழல்:
தப்பே இல்ல, நானும் அப்படித்தான் எடுக்குறேன். பிரச்சனை என்னன்னா அந்த ஒரு டேக்குக்குள்ள ரெண்டு வேற கதை இருக்கு. ஒண்ணுல சூழ்நிலை ரெண்டு பேரையும் சேத்து மாட்டிவிடும், அப்பத்தா படுத்த படுக்கையா இருக்காக, முகூர்த்த நேரத்துல மாப்பிள்ளையக் காணோம், இப்படி. ரெண்டு பேருமே மாட்டிக்கிட்டவக, அதனால ஒருத்தரையொருத்தர் பாத்துப் பரிதாபப்பட எடம் இருக்கு. இன்னொண்ணுல கட்டாயப்படுத்துறதே அவன்தான், பழிவாங்க. அதுல பெரும்பாலும் பக்கத்துலயே ஆன்டி ஹீரோன்னு ஒரு டேக் கெடக்கும், அதையும் சேத்துப் பாருங்க. எபிசோடுக்குக் கீழ கமெண்ட்ஸையும் ஒரு ஓட்டு ஓட்டுங்க, "இவன் எப்பத்தான் திருந்துவான்"னு வரிசையா கேட்டிருந்தா அது உங்களுக்கான கதை இல்ல.

இன்னொண்ணு, ஹீரோ எப்ப மாற ஆரம்பிக்கிறான்னு நடுவுல தொறந்து பாப்பேன். ஜேன் ஆஸ்டின் எழுதி 1813ல வெளிவந்த பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் நாவல் மொத்தம் 61 அத்தியாயம், ஹீரோ டார்சி 34லயே கல்யாணத்துக்குக் கேட்டு ஹீரோயின் எலிசபெத் மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னுட்டா, ஏன்னும் சொல்லிட்டா. அதுக்கப்புறம் அவ தங்கச்சி ஒருத்தனோட ஓடிப்போன விஷயத்தை அவன் காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுக் குடுக்குறான், அவளுக்கு முழுசாத் தெரிய வர்றதே அவ மாமி எழுதுற லெட்டர்லதான். திருந்துறதுக்குப் பாதிப் புத்தகத்துக்குக் கிட்ட எடம் குடுத்திருக்காக. கடைசி எபிசோட் ஸாரில அதுக்கு ஏது எடம்?

கொட்டான்:
தேவகோட்டை. தேன்குழல் ஆச்சி சொன்னதோட ஒண்ணு சேக்குறேன். எனக்குப் புடிச்சது ஒரே வீட்டுக்குள்ள மாட்டிக்கிற கதை, அதுலயும் செட்டிநாட்டு வீடுன்னு போட்டிருந்தா ஓடிப் போய் எடுப்பேன். தொறந்தா பால்கனி வச்ச பெட்ரூம், சோபா யாருக்கு கட்டில் யாருக்குன்னு சண்டை. ஏங்க, வளவுல, அதான் வீட்டோட உள்கட்டுல, அறைக் கதவெல்லாம் ஒரே முத்தத்தை (நடு முற்றத்தை) பாத்தில்ல இருக்கு! எங்க ஆயா, அதான் பாட்டி, சொல்லுவாக, கல்யாணமான புதுசுல ஐயா மேல கோவம்னா சத்தமா ஒரு வார்த்தை பேச முடியாதாம், எதுத்த கதவுல ஓர்ப்படியா இருப்பாகளாம். வேறு வச்சதும், அதான் புதுசாக் கட்டினவகளைத் தனிக் குடும்பமா ஆக்குனதும், அதே வீட்டுலயே தனி அடுப்பு, மாமியா வருஷத்துக்குன்னு அளந்து குடுத்த அரிசி பருப்பு. கோவத்துல ஆயா பேசாம சோத்தை வச்சுட்டு அடுப்படிக்குப் போயிருவாகளாம், ஐயா சாப்பிட்டுட்டு தட்டைத் தானே கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போவாகளாம், ஒரு நா தட்டு மேல ஒரு முழம் மல்லிகைப்பூ இருந்துச்சாம். இதை எழுதுறதுக்கு ஒருத்தருக்கும் தோணலையேன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு. கான்ட்ராக்ட் மேரேஜ் எழுதுறவக கூட எங்க நகரத்தார் கல்யாணத்துல இசைகுடிமானம்னு ஒரு கல்யாண ஒப்பந்தம் எழுதுவாகன்னு தெரிஞ்சா எவ்வளவோ பண்ணலாம்.

முத்தம்:
நான் ட்ரோப்பே பாக்க மாட்டேன், முன்னாடியே தெரிஞ்சா எனக்குப் படிக்க ஓடாது. முதல் ரெண்டு எபிசோட்ல ஹீரோயின் அவளுக்காக ஒரு முடிவாவது எடுக்குறாளான்னு மட்டும் பாப்பேன்.

கும்மாயம்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். பாதிலயே நிக்கிற நாலு கதையத் தொறந்து நடுவுல பாத்தேன், மூணைத் தூக்கிப் போட்டுட்டேன். நாலாவதுல அவன் அவளோட காலேஜ் பீஸைக் கட்டிட்டு ரசீதை மட்டும் மேசைல வச்சிட்டுப் போறான், அதைத்தான் படிச்சிட்டிருக்கேன். கொட்டான் ஆச்சி, அந்தத் தட்டுக் கதைய நீங்களே எழுதுங்க, நான் முதல் ஆளா வந்து படிக்கிறேன்.