பாஸ்பேட் பைண்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குக் கொடுக்கும் 'பாஸ்பேட் பைண்டர்' என்ற மாத்திரைக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'பாஸ்பேட் கட்டி' போதுமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் மருந்துச் சீட்டில் 'கட்டி' என்று பார்க்கும் சிறுநீரக நோயாளி, புதிதாக ஒரு நோயும் சேர்ந்துவிட்டதென்று பயந்துபோவார். 'பாஸ்பேட் பற்றி' என்றால், பாஸ்பேட்டைப் பற்றி என்ன என்று கேட்பார்!

பெயருக்கு முன்னால் மாத்திரையின் வேலையைப் பார்த்துவிடலாம். பெரியவர் ஒருவர் உடம்பில் பாஸ்பரஸ் சுமார் 700 கிராம் இருக்கும். அதில் 85 விழுக்காடு கால்சியத்தோடு சேர்ந்து எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. சாப்பாட்டில் வரும் உபரியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அது செயலிழந்தால் பாஸ்பேட், அதாவது உடம்பில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவம், இரத்தத்தில் தேங்கும். வைட்டமின் டி செயல்படும் வடிவுக்கு மாறுவதும் குறைவதால் கால்சியம் இறங்கும். உடனே பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்க ஆரம்பிக்கும். எலும்பு பலமிழக்கும், இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணம் படியும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தாலும் சாப்பாட்டில் வரும் பாஸ்பேட் முழுவதையும் எடுத்துவிட முடியாது. அதனால்தான் குடலிலேயே அதை மடக்க ஒரு மாத்திரை. உணவிலுள்ள பாஸ்பேட்டோடு ஒட்டிக்கொண்டு மலத்தில் போய்விடும். வெறும் வயிற்றில் போட்டால் மடக்க அங்கே ஒன்றும் இருக்காது.

சிக்கல் என்னவென்றால், இந்த மாத்திரை வகைகளில் கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் அசிடேட்டும் உண்டு. 'கால்சியம் மாத்திரை' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், எலும்புக்கு என்று நினைத்து இரவு படுக்கும்போது போட்டுக்கொள்வார்கள். கால்சியம் உடம்பில் ஏறும், பாஸ்பேட் அப்படியே நிற்கும். செவலாமர், லாந்தனம் வகைகளிலோ கால்சியமே கிடையாது. முன்பு அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள்; அலுமினியம் எலும்பிலும் மூளையிலும் சேர்ந்து கெடுதல் செய்ததால் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆக, உள்ளே இருக்கும் பொருளை வைத்துப் பெயர் வைக்க முடியாது. வேலையை வைத்துத்தான் வைக்க வேண்டும்.

'பாஸ்பேட் பிணைப்பி' என்ற பெயரும் தவறில்லை, ஆனால் வேதியியல் பாடப் புத்தக வாடை அடிக்கிறது. என் ஓட்டு 'பாஸ்பேட் பிடிப்பான்'. விளக்கம்: 'உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலில் பிடித்துக்கொள்ளும் மருந்து, சாப்பாட்டோடு விழுங்க வேண்டியது.'

> பாஸ்பேட்டையும் தமிழாக்க வேண்டாமா?

வேண்டாம் என்பேன். இரத்தப் பரிசோதனைத் தாளில் நோயாளி தேடுவது 'பாஸ்பரஸ்' என்ற வரியை. இயல்பான அளவு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் என்று பக்கத்தில் போட்டிருக்கும். அதோடு ஒட்டாத பெயரால் அவருக்கு என்ன லாபம்?

அன்புடன்.

---

வணக்கம். 'பிடிப்பான்' எனக்கும் சரி. டயாலிசிஸ் பிரிவில் நாங்கள் 'சோத்தோட போடுற மாத்திரை' என்றுதான் சொல்கிறோம், அதோடு ஒத்துப்போகிறது. விளக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். லாந்தனம் மாத்திரையை மென்றுதான் சாப்பிட வேண்டும், முழுசாக விழுங்கக் கூடாது. 'விழுங்க வேண்டியது' என்பதை 'சாப்பாட்டோடு எடுக்க வேண்டியது' என்று மாற்றிவிடுங்கள்.