எம்பி3 ஆக எடுக்கும்போது கைத்தாளத்தின் ஓசை கலங்குவது ஏன்?

கேள்வி: உப்புவெளியான்

வணக்கம். கோயில் திருவிழாவுக்காகத் தம்புரா, மிருதங்கம், கைத்தாளம் ஆகியவற்றுடன் ஒரு தேவாரப் பதிகத்தை கடலோர ஊரான உப்புவெளியில் எங்கள் வீட்டறையிலேயே பதிவு செய்து, ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மிக்ஸிங் முடித்திருக்கிறேன். மென்பொருளுக்குள் கேட்கும்போது கைத்தாளம் ஒவ்வொரு தட்டுக்கும் கணீரென்று எழுந்து மெல்ல அடங்குகிறது. அதையே நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக எடுத்தால், தண்ணீருக்குள் தட்டுவது போல அந்த ஓசை நெளிந்து கலங்குகிறது. முடிவில் தம்புராவின் கார்வையும் சட்டென்று அறுந்துவிடுகிறது. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மொத்த ஒலியளவைக் காட்டும் மாஸ்டர் மீட்டர் இரண்டு இடங்களில் சிவப்பாகிறது. ஒலிபெருக்கிக்காரர் பென் டிரைவில் எம்பி3 தான் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நிலாவெளி நாதம்

தம்பி, முதலில் எம்பி3 ஐ மறந்துவிட்டு, பதிவின் அளவிலேயே, அதாவது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (சுருக்காத ஒலிக்) கோப்பாக ஒரு மூலப்பிரதி எடுங்கள். மற்ற எல்லாப் பிரதிகளும் அதிலிருந்தே பிறக்க வேண்டும். எம்பி3 ஐத் திறந்து திருத்தி மீண்டும் எம்பி3 ஆகச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் இழப்பின்மேல் இழப்பு சேரும்.

எம்பி3 நம் காதுக்கு எட்டாது என்று தான் கணிக்கும் ஒலிகளைக் கழித்தே கோப்பைச் சிறிதாக்குகிறது. 128 கிலோபிட்டில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவை வெட்டுப்படும். குரலும் மிருதங்கமும் இதை ஓரளவு தாங்கும். கைத்தாளமோ தட்டிய கணத்தில் வெடித்து, உயர்ந்த மேலொலிகளாகப் பரவி அடங்குவது. அதனால் முதலில் அடிபடுவதும் அதுதான். 320 கிலோபிட்டில் எடுத்தால் இந்த நெளிவு பெரும்பாலும் மறைந்துவிடும்.

சிவப்பையும் கவனியுங்கள். தனித்தனி டிராக்குகள் சிவப்பானால், உள்ளே கணக்கிடல், எல்லை தாண்டிய அளவையும் தாங்கும் மிதவைப் புள்ளி எண்களில் நடப்பதால் பொதுவாகக் கேடில்லை. மாஸ்டர் சிவப்பாகும் நிலையில் 24 பிட் கோப்பு எழுதினால், 0 டெசிபலைத் தாண்டிய அலைமுகடு அப்படியே தறிக்கப்படும். எம்பி3 ஆக்கும்போது முகடுகள் மூலத்தைவிடச் சற்று உயரவும் கூடும் என்பதால், உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள்.

ஐயமிருந்தால் சோதித்துப் பாருங்கள். புதிய புராஜெக்ட் ஒன்றில் வேவையும் எம்பி3 ஐயும் இரு டிராக்குகளில் வைத்து, ஒன்றின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேடுபள்ளத்தை, தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். எம்பி3 இன் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்திருக்கலாம். அதை நீக்கி, இரண்டையும் ஒரு சாம்பிள் (ஒலியின் ஒற்றை அளவுப்புள்ளி) கூடப் பிசகாமல் பொருத்த வேண்டும். ஒத்தவை ஒன்றையொன்று அழித்துவிட, மிஞ்சிக் கேட்பதுதான் எம்பி3 மாற்றிய பங்கு.

பதில்: கார்வை

தம்புரா அறுவதற்குக் காரணம், ரெண்டர் (கோப்பாக எழுதும்) எல்லை கடைசி ஆடியோ துண்டோடு முடிவதுதான். ரிவெர்ப் என்னும் அறை எதிரொலி விளைவின் எச்சம் அதற்கு அப்பாலும் ஓடுகிறது. ரெண்டர் சாளரத்தில் டெயில் (முடிவுக்குப் பின் கூடுதலாக எழுதும் நேரம்) என்பதை இயக்கிச் சில வினாடிகள் சேர்த்தால் போதும்.

பதில்: மிருதங்கப்பிரியை

சீடிக்கும் கொடுப்பதாயிருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தேவை. பிட்டைக் குறைக்கும் அந்தக் கடைசிப் படியில் மட்டும், ஒரே முறை டிதர் (பிட் குறைப்பின் பிழையை மறைக்கும் மிக மெல்லிய இரைச்சல்) சேருங்கள். இல்லாவிட்டால் அடங்கும் கார்வையின் அடியில், ஒலியைக் கூட்டிக் கேட்டால், மெல்லிய கரகரப்பு எழும். வட்ஸ்அப்பில் மூலப்பிரதியை அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். படத்தோடு வீடியோவாக்கி அனுப்பினால் அது மீண்டும் சுருக்கிவிடும்.

உப்புவெளியான்

அனைவருக்கும் நன்றி. சோதனையைச் செய்தேன். 128 இல் மிஞ்சியது பெரும்பாலும் கைத்தாளத்தின் சிலுசிலுப்பே. கேட்டபோது மனம் வருந்தியது. 320 இல் அது மிகவும் தணிந்துவிட்டது. டெயிலை 6 வினாடியாக்கியதும் கார்வை முழுதாக அடங்குகிறது, ஆனால் அதன் கீழே கடல் இரைச்சல் இலேசாகக் கேட்கிறது, மைக் அதையும் பிடித்திருக்கிறது. ஆகவே மூலப்பிரதியில் ஃபேட் அவுட் செய்து (முடிவை மெல்லத் தணித்து), அதன் பின்னரே டிதருடன் 16 பிட் பிரதி எடுத்தேன்.