பைத்தான்: மூட்டை எடை மைனஸில் வருகிறது

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். நீடாமங்கலம் பக்கம் அப்பா நெல் வாங்கி விற்கிறார். தாளடி அறுப்பு நடக்கிறது. ராத்திரி நோட்டில் கூட்டிக் கூட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று பைத்தான் நிரல் மொழியில் ஒரு ஃபங்ஷன் (எண்களைக் கொடுத்தால் கணக்குப் போட்டு விடை தரும் நிரல் துண்டு) எழுதிக் கொடுத்தேன். ஒருவர் 3 மூட்டை போடுவார், அடுத்தவர் டிராக்டரில் 63. முதலில் எடை1, எடை2 என்று பத்து வரை பெயர் வைத்து ஓட்டினேன் (சிரிக்காதீர்கள்). அப்புறம், எத்தனை மதிப்பு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் நட்சத்திரக் குறி (*) பற்றித் தெரிந்து இப்படி மாற்றினேன்:

நிகர_எடை(சாக்கு=0.6, *மூட்டைகள்)

எல்லா மூட்டையையும் கூட்டி, மூட்டைக்கு ஒரு சாக்கின் எடையை (வேறு சொல்லாவிட்டால் 0.6 கிலோ) கழிக்க வேண்டும். நிகர_எடை(62.4, 61.8, 62.0) கொடுத்தால் 184.4 வரணும். வருவது மைனஸ் 1. "நெல் போட்டவர் நமக்கு ஒரு கிலோ பாக்கியா?" என்கிறார் அப்பா.

பழைய_சி_ஆள்:
தம்பி, உங்கள் சாக்கு 62.4 கிலோ! மதிப்புகள் இடமிருந்து நிரம்பும். முதல் மூட்டை சாக்கின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் இரண்டு மூட்டை 123.8, அதில் இரண்டு 'சாக்கு' 124.8 கழிந்தது. இப்படித் திருப்பிப் போடுங்கள்:

நிகர_எடை(*மூட்டைகள், சாக்கு=0.6)

பைத்தான் 3-இல் நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பதைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க முடியும். மூட்டை எடை தவறிப்போய் அதில் ஒட்டாது. சி மொழியில், திரையில் எழுதிக் காட்டும் பிரிண்ட்எஃப் ஃபங்ஷனுக்கு எத்தனை மதிப்பு வந்தது என்றே தெரியாது; நாம் எழுதிக் கொடுக்கும் வரியில் உள்ள சதவீதக் குறிகளை நம்பித்தான் எடுக்கும். அதில் நான் பட்ட பாட்டுக்கு இது சொர்க்கம்.

வெண்ணாற்றங்கரை:
184.4 வந்துவிட்டது, நன்றி அண்ணே. ஆனால் 63 எடையையும் ஒரு லிஸ்டில் போட்டு அந்த லிஸ்டைக் கொடுத்தால் டைப்எரர் (மதிப்பின் வகை பொருந்தவில்லை என்ற பிழை).

வடுவூர்_ஏரி:
லிஸ்ட் முழுசும் ஒரே மூட்டையாகப் போகிறது. அழைக்கும் இடத்திலும் அதன் முன்னால் * போட்டால் பிரிந்துவிடும். ஆனால் கையில் ஏற்கெனவே லிஸ்ட் இருக்கிறதே, நட்சத்திரம் எதற்கு? லிஸ்டையே சாதாரணமாக வாங்கிக்கொள்ளுங்கள். கையால் நாலைந்து எண் தட்டும்போதுதான் * சுகம்.

வெண்ணாற்றங்கரை:
சரி, லிஸ்டுக்கே மாற்றிவிட்டேன். சாக்கு மட்டும் பெயரோடு இருக்கிறது; பிளாஸ்டிக் சாக்கு வந்தால் சாக்கு=0.1 போடுகிறேன். பாதி சணல், பாதி பிளாஸ்டிக்காக வந்தால் என்ன செய்வாய் என்று அப்பா இப்போதே கேட்டாயிற்று.