குமாரசாமிப்பேட்டை வீடு: ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள்

வியாழக்கிழமை

பெரியண்ணன், காலை 6.50
தரகர் நேற்றிரவு பேசினார். ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவர், தம் பெற்றோர் குடியிருக்கத் தருமபுரி நகருக்குள்ளேயே விலைக்கு வீடு தேடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பெயிண்டரை அழைத்து, வடக்கு அறையில் ஓதம் ஏறிய சுவருக்கு மட்டும் இரண்டு கை அடித்துவிடலாமா?

அக்கா, காலை 7.25
வேண்டாம் அண்ணா. நேற்று மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் வேப்பஞ்சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்து, தண்ணீர் அங்கேயே தேங்கியிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தட்டோடுகளின் இடுக்கில் நகம் நுழையும் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து கிடக்கிறது. அந்த வழியாகத்தான் சுவருக்குள் ஈரம் இறங்குகிறது. ஈரம் காயாத சுவரில் வண்ணம் அடித்தால், உள்ளே இருக்கும் உப்பு பூத்து, கொஞ்ச நாளிலேயே கொப்புளம் கொப்புளமாக உதிர ஆரம்பித்துவிடும். முன்பணம் கொடுத்த பிறகு அவர் அதைப் பார்த்தாரானால், நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார். நாளை கொத்தனார் வந்து குழாய் வாயைச் சுத்தம் செய்து, இடுக்குகளை அடைத்துத் தருகிறார். சுவர் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். காரணத்தையும் செய்த வேலையையும் வருகிறவரிடம் நானே சொல்கிறேன்.

பெரியண்ணன், காலை 7.31
சரி அம்மா, உன் விருப்பப்படியே செய்.

தம்பி (ஷார்ஜா), காலை 9.05
அக்கா, ஆடி பிறந்துவிட்டால் ஆவணி வரை யாரும் கிரயம் பேச மாட்டார்கள். இவருக்குப் பிடித்திருந்தால் இந்த ஆனியிலேயே முடிக்க வழி இருக்கிறதா? கையெழுத்துக்கு நான் நேரில் வர வேண்டுமா?

சித்தப்பா, காலை 10.40
நீ வர முடியாவிட்டால் அண்ணன் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும் என்பதை மறந்துவிடாதே. உங்கள் அப்பா உயில் எழுதாமல் போனதால், அவர் சம்பாதித்த இந்த வீட்டில் உங்கள் அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சம பங்கு உண்டு; ஒருவர் கையெழுத்து குறைந்தாலும் எந்த வங்கியும் வாங்குகிறவருக்குக் கடன் தராது.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. நேற்று பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். உங்கள் அப்பா வாங்கிய வீட்டுக் கடன் அடைபட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியும், பத்திரத்தை ஒப்படைத்து வைத்த அடமானப் பதிவு அப்படியே நிற்கிறது. கடனைக் கட்டி முடித்தால் மட்டும் அது நீங்காது. வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் வில்லங்கத்தில் கடன் தீர்ந்ததாகக் காட்டும். சுவருக்கு வண்ணம் பூசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அக்கா, காலை 11.15
சித்தப்பா, நல்ல வேளை இப்போதே பார்த்துச் சொன்னீர்கள். கடன் தீர்ந்ததற்கு வங்கி கொடுத்த கடிதம் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நாளை வங்கிக்குப் போகிறேன். பட்டாவும் சொத்து வரியும் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கின்றன; வாரிசுச் சான்றிதழ் கையில் இருப்பதால் இரண்டுக்கும் பெயர் மாற்ற மனு கொடுத்துவிடுகிறேன்.

அண்ணா, தரகரிடம் இரண்டு செய்தி கண்டிப்பாகச் சொல்லுங்கள். மூலப் பத்திரம் யார் கையிலும் போகாது. நகல்தான் தருவோம், அதன் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதித்தான் தருவோம். அடுத்தது, முன்கூட்டிச் சொல்லாமல் ஆட்களைக் கூட்டி வரக் கூடாது. போன மாதம் அம்மா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து கதவைத் தட்டியதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அண்ணி, மதியம் 1.20
பரணில் இருக்கும் அண்டா, குண்டான் எல்லாவற்றையும் இறக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். கூடத்தில் நிற்கும் பழைய கட்டிலையும் எடுத்தால்தான் அறையின் அகலம் தெரியும். விலை பற்றி அம்மாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்காதபடி நீங்கள் ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.

பெரியண்ணன், மதியம் 1.45
விலையை நான் மட்டுமே பேசுகிறேன். வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று தனிச் செலவு இருப்பதால், அதைச் சொல்லித்தான் குறைத்துக் கேட்பார்.

சித்தப்பா, மதியம் 2.10
முன்பணம் எவ்வளவு பேசினாலும் வங்கி வழியாகவே வாங்கு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சின்னவன் வெளிநாட்டில் வசிப்பதால், அவன் பங்குத் தொகையில் வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய வரி வேறு கணக்கு. அதை ஆடிட்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

அக்கா, இரவு 8.30
நான்கு மணிக்கு வந்தவர்கள் ஆறு மணி வரை இருந்தார்கள். மேற்கு வெயில் கூடம் வரை வரும் நேரம் என்பதால், பகலில் விளக்குப் போடத் தேவையில்லை என்பதை அவர்களே கவனித்தார்கள். வடக்கு அறைக்குப் போனதும், அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் சுவரைக் காட்டி, மாடிக்கும் அழைத்துப் போய்க் கொத்தனார் அடைத்த இடத்தைக் காட்டினேன். அந்தப் பெரியவர் குனிந்து, ஒவ்வொரு இடுக்காக விரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகு சுவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதிக நேரம் போனது தண்ணீர்ப் பேச்சில்தான். அந்த அம்மா புழக்கடைக் குழாயின் வாயில் படிந்திருந்த வெள்ளை உப்பைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தான் குடிக்கிறீர்களா?" என்று கேட்டார். போர்த் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் மட்டும்தான் என்றும், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது என்றும் சொல்லி, இரண்டு குழாய்களையும் தனித்தனியே திறந்து காட்டினேன். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதும், பல்லில் கறை பிடிப்பதும், அதற்காகவே 2013இல் அந்தத் திட்டம் வந்ததும் அவருக்கும் தெரிந்திருந்தது. காய்ச்சினால் போய்விடாதா என்று கேட்டார். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும் என்றேன். வீட்டை விற்க வேண்டும் என்பதற்காகப் போர்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று வயதானவர்களிடம் என்னால் சொல்ல முடியாது. குடிநீர் எந்த நாளில், எவ்வளவு நேரம் வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

பெரியண்ணன், இரவு 8.52
என்னிடமும் பேசினார்கள். புதன்கிழமை ஒரு பொறியாளரை அழைத்து வந்து மீண்டும் பார்க்கிறார்களாம். வில்லங்கத்தில் அடமானம் நீங்கிய பிறகே முன்பணம் தருவதாகச் சொன்னார்கள். அது நியாயமான பேச்சு என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

தம்பி (ஷார்ஜா), இரவு 9.10
அதிகாரப் பத்திரத்தின் வரைவை இந்த வாரமே தயார் செய்கிறேன்.

அக்கா, இரவு 9.18
தூதரகத்துக்குக் கொண்டுபோகும் முன் அந்த வரைவை எனக்கு அனுப்பு. சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறேன். வங்கியில் ரசீது ஆவணத்தைச் செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா, பதிவுக்கு உங்களால் உடன் வர முடியுமா?

சித்தப்பா, இரவு 9.25
வருகிறேன் அம்மா. மூன்று மணிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் முடித்துவிடலாம். ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்து வா.