அப்பா போனில் காணாமல் போன மேட்டூர் நீர்மட்டம்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. அப்பாவுக்கு 71 வயது, மூன்றரை ஏக்கரை இன்னும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான் திருப்பூரில் இருக்கிறேன். போன வருடம் அவருக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். பத்து நாளில் கூப்பிட்டு, "தம்பி, இதுல படம் நடுவுலதான் வருது, ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்குது" என்றார். வரும்போது பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருக்குப் பொறுக்கவில்லை, பஸ் ஏறிப் போய் டவுனில் ஒரு செல்போன் கடையில் காட்டியிருக்கிறார். டிஸ்ப்ளே கோளாறு என்று சொல்லி ஏதோ செய்து 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். படம் ஓரம் வரைக்கும் நிரம்பி வந்தது, அப்பாவுக்கும் திருப்தி.

டெல்டாவில் ஜூன் 12 என்றால் மேட்டூர் திறப்பு நாள். அணையில் தண்ணீர் இருந்தால்தான் அன்றைக்குத் திறப்பார்கள் என்பதால் மே மாதத்திலிருந்தே எல்லோருக்கும் அணையின் முழுக் கொள்ளளவு மட்டமான அந்த 120 அடிக் கணக்குதான் பேச்சு. அப்பா தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து யூடியூபில் செய்திச் சேனல் நேரலையைப் போட்டு, கீழே ஓடும் எழுத்தில் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று மூன்றையும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் குறித்து, கம்பியில் குத்தி வைப்பார். விதை தெளிப்பதா, நாற்று விடுவதா, எப்போது உழுவது என்பதெல்லாம் அந்தக் கம்பியைப் பார்த்துத்தான்.

ஜூன் முதல் வாரம் ஊருக்குப் போனபோது கம்பியைப் பார்த்தேன். மே பாதி வரை எண்கள் இருந்தன, அப்புறம் ஒன்றுமே எழுதாத தாள்கள். "இப்பல்லாம் சேனல்ல போடுறது இல்ல தம்பி" என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். விளிம்பில் எழுத்துகளின் மேல்பாதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளிகளும் இகரச் சுழிகளும் தெரிகின்றன, எண் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. மூன்று வாரமாக அவர் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தபோது எனக்கு மனசே சரியில்லை. பத்து நாளில் கூப்பிட்டாரே, அன்றைக்கே ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

டிஸ்ப்ளேயில் கோளாறே இல்லை. டிவிக்காக எடுக்கிற படம் 16க்கு 9 அளவு. இப்போது வரும் போன்களில் பல 20க்கு 9, அதாவது திரை படத்தைவிட நீளம். முழுப் படத்தையும் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்பு நிற்கத்தான் செய்யும். அந்தக் கறுப்பை நிரப்பப் படத்தை 1.25 மடங்கு பெரிதாக்க வேண்டும், அப்போது மேலே பத்தில் ஒரு பங்கு, கீழே பத்தில் ஒரு பங்கு திரைக்கு வெளியே போய்விடும். ஸ்க்ரோலிங் ஓடுவது சரியாக அந்தக் கீழ்ப்பங்கில். 4க்கு 3 அளவில் இருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படமென்றால் இன்னும் மோசம், நிரப்பினால் படத்தில் நூற்றுக்கு 40 பங்கு காணாமல் போகும்.

கடையில் செய்தது இவ்வளவுதான்: யூடியூப் செட்டிங்ஸில் பொதுவானவற்றுக்குள், முழுத்திரையில் எப்போதும் பெரிதாக்கிக் காட்டு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டிருந்தார்கள். அணைத்தேன், எண்கள் வந்துவிட்டன. அப்புறம் அப்பாவின் இரண்டு விரலையும் பிடித்துத் திரையில் வைத்து, விரித்தால் நிரம்பும், சுருக்கினால் முழுப் படம் வரும் என்று நாலைந்து தடவை செய்யச் சொன்னேன். பட்டிமன்றத்துக்கு விரிக்கிறார், செய்திக்குச் சுருக்குகிறார். விட்டுப்போன தேதிகளின் கணக்கைப் பக்கத்து வயல்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

* * *

உங்கள் அப்பாவின் போன் கதையைப் படித்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வெட்டுப்பட்டது பாதம். அக்கா மகள் மயிலாடுதுறை நாட்டியாஞ்சலியில் ஆடியதை அத்தான் போனைக் குறுக்காகப் பிடித்து நன்றாகவே எடுத்து அனுப்பினார். அம்மா போனில் போட்டால் நெற்றிச்சுட்டியும் இல்லை, சலங்கையும் இல்லை. "மாப்பிள்ளைக்கு எடுக்கத் தெரியல" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். அரைமண்டியில் உட்கார்ந்து தட்டும்போது பாதம் தெரியாவிட்டால் அடவில் பார்க்க என்ன இருக்கிறது? கடைசியில் அம்மா போனில் ஓடியது நிரப்பிய படம் என்று இப்போதுதான் புரிகிறது. ஆனால் இது யூடியூப் இல்லை, போனில் இருக்கும் வீடியோவை ஓட்டுகிற எம்எக்ஸ் பிளேயர் ஆப். அதில் எங்கே மாற்றுவது அண்ணா?

* * *

படம் ஓடும்போது திரையை ஒரு தட்டு தட்டுங்கள், கீழே வலது மூலையில் ஒரு சின்னம் வரும். அதைத் தொடத் தொட முழுப் படம், இழுத்த படம், வெட்டிய படம் என்று மாறிக்கொண்டே போகும். இழுத்ததில் நிறுத்திவிடாதீர்கள், வெட்டு இருக்காது, ஆனால் குழந்தை குண்டாகத் தெரிவாள். இரண்டு பக்கமும் கறுப்பு வந்ததும் விட்டுவிடுங்கள், சலங்கை தெரியும். அத்தான் நன்றாகத்தான் எடுத்தார் என்று அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.