கம்பளி மணிகளில் விழும் மடிப்பும், கோர்க்கும்போது வரும் கோணலும்

பஞ்சுப்பொதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாயமேற்றிய கம்பளி நாரை வெந்நீரும் சோப்பும் கொண்டு கையாலேயே உருட்டி, மணிகளாக்கிக் கழுத்தணி கோர்க்கச் சில வாரங்களாகப் பழகிவருகிறேன். இதுவரை செய்த நாற்பது மணிகளில் பாதிக்கு மேல், மூளையின் படத்தில் காண்பது போன்ற ஆழமான மடிப்புகள் விழுந்துவிடுகின்றன. ஒரு மணியை இரண்டாக வெட்டிப் பார்த்தேன். மேலே தோல்போல ஓர் அடுக்கு இறுகியிருந்தது, உள்ளேயோ உலர்ந்த பஞ்சு அப்படியே இருந்தது.

நான் செய்யும் முறை இதுதான். ஒரு கொத்து நாரைப் பிய்த்தெடுத்து, பந்தாகச் சுருட்டி, வெந்நீரில் முழுவதுமாக முக்கி, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, நன்றாக அழுத்தி உருட்டுகிறேன். இதில் எந்த இடத்தில் பிசகுகிறேன் என்று சொல்ல வேண்டுகிறேன். ஒரே அளவில் இருபது மணிகள் வேண்டுமென்றால் அதற்கு என்ன வழி என்பதும், துளை நடுவில் அமையாமல் மாலை கோணிக்கொண்டு நிற்பதை எப்படித் தவிர்ப்பது என்பதும் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு புதிரும் உண்டு. வீட்டில் மிச்சமிருந்த பழுப்புநிறப் பின்னல் நூலைப் பிரித்து உருட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியும் அது நனைந்த பஞ்சாகவே இருந்தது.

ஊசிமுனை எழுதியது:

புதிரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற விடைகளும் அதற்குள்தான் இருக்கின்றன. கம்பளியின் ஒவ்வொரு நாரின் மீதும் மீன் செதிலைப் போன்ற நுண்ணிய செதில்கள், எல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்தவாறு அமைந்திருக்கின்றன. சோப்பு கலந்த வெந்நீரில் நார் இளகிச் செதில்கள் சற்றே விரிகின்றன. நாம் உருட்டும்போது நார்கள் அடிப்பக்கமாக நகர முடிகிறதே தவிர, வந்த வழியே திரும்ப முடிவதில்லை. அதனால் ஒன்றோடொன்று சிக்கி, பிரிக்கவே முடியாதபடி இறுகிவிடுகின்றன. உங்களிடம் இருந்த பழுப்பு நூல், இயந்திரத்தில் துவைப்பதற்கென்று பதப்படுத்தப்பட்ட ‘சூப்பர்வாஷ்’ வகையாக இருந்திருக்க வேண்டும். அந்த வகையில் பெரும்பாலும் செதில்களைக் குளோரினால் அரித்து, மேலே மெல்லிய பிசின் பூச்சும் ஏற்றிவிடுவார்கள். பற்றிக்கொள்ளச் செதில் இல்லாத நாரை எவ்வளவு நேரம் உருட்டினாலும் பயனில்லை. சீட்டில் அந்தச் சொல் இருந்தால் வாங்காதீர்கள். மெரினோ போன்ற மெல்லிய நார் விரைவில் இறுகும்.

இனி மடிப்பு. மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இருப்பது தளர்வாகவே நின்றுவிட்டால், பிறகு நீங்கள் அழுத்த அழுத்த உள்ளிருப்பது சுருங்கும். அதற்கேற்பச் சுருங்க முடியாத தோல் மடிந்துகொள்ளும். நீங்கள் வெட்டிப் பார்த்த மணியே இதற்குச் சாட்சி. ஆகவே தவறு உருட்டும் கையில் தொடங்கவில்லை, தண்ணீர் படுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நாரைக் கத்தரிக்காமல் விரலால் இழுத்துப் பிரித்து, மறுபக்கம் தெரியுமளவுக்கு மெல்லிய இழைகளாக்கிக்கொள்ளுங்கள். முதல் இழையைச் சிறு முடிச்சுப்போல இறுக்கமாகச் சுருட்டி, அதன் மேல் அடுத்ததைக் குறுக்காகவும், அதற்கடுத்ததை மீண்டும் குறுக்காகவும் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரே திசையில் சுற்றினால் நார்கள் படுக்கைவசத்தில் நின்றுவிடும். அவற்றுக்கிடையேதான் பிளவு விழும்.

தண்ணீரில் முக்காதீர்கள். உள்ளங்கையில் சோப்புநீரைத் தடவிக்கொண்டு, உருண்டையை அதன் மேல் வைத்து, தொட்டும் தொடாமலும் உருட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு அழுத்தம் என்பதே கூடாது. கையில் வழுக்கிக்கொண்டும் உருக்குலைந்துகொண்டும் இருந்த அந்த ஈரப்பொதி, ஒரு கட்டத்தில் தானாகவே உருளத் தொடங்குவதை விரல்கள் உணரும். அந்தப் பதம் வந்த பிறகு கை பொறுக்கும் சூட்டில் இன்னும் சில துளி சேர்த்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பதறாத காரியம் சிதறாது என்பது இதற்கென்றே சொன்னதுபோல இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தையும் குறைத்துவிடுங்கள். நுரை மிகுந்தால் அது நார்களுக்கிடையே மெத்தைபோல நின்று உராய்வைக் கெடுக்கும்; கட்டிச் சோப்பைச் சீவிக் கரைத்த நீரே எனக்கு ஒத்துவருகிறது.

நூல்கண்டு எழுதியது:

ஊசிமுனை அவர்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அளவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். கண்ணளவை நம்பவே நம்பாதீர்கள். உலர்ந்த நார் புசுபுசுவென்று நிற்கும். ஒரே எடையுள்ள இரண்டு கொத்துகள்கூடப் பார்வைக்கு ஒன்று மற்றதைப்போல இருமடங்காகத் தெரியும். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று இருந்தால் போதும். 1 கிராம் மெரினோ நன்றாக இறுகும்போது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள மணியாகும். எடையை 2 கிராமாக்கினால் விட்டமும் இரண்டு மடங்காகிவிடும் என்று நான் முதலில் எண்ணிக்கொண்டிருந்தேன், வந்தது 2.5 சென்டிமீட்டர்தான். விட்டம் இருமடங்காக வேண்டுமென்றால் நார் எட்டு மடங்கு வேண்டும். நடுவில் பெரிதும் ஓரங்களில் சிறிதுமாகக் குறைந்துகொண்டே போகும் மாலைக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டால் நார்தான் வீணாகும்.

இருபது மணிக்கும் வேண்டிய நாரை முதலிலேயே நிறுத்து, இருபது சிறு குவியல்களாக வைத்துவிட்டு, அதன் பிறகு கையை நனையுங்கள். ஈரக்கையோடு நாரைத் தொட்டால் அது விரலில் ஒட்டிக்கொண்டு வரும், எடை தவறும், எரிச்சலும் வரும்.

மடிப்பு விழாமல் தடுக்க இன்னொரு வழியும் உண்டு. முட்கள் வெட்டிய ஃபெல்ட் ஊசியால், ஒரு ஸ்பாஞ்சின் மேல் வைத்து, உருண்டையின் உட்கருவை முதலில் குத்தி இறுக்கிக்கொண்டு, அதற்குப் பிறகு ஈரத்தில் உருட்டினால் மடிப்புக்கு இடமேயில்லை. 38 எண் ஊசி இதற்குப் போதும். எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும்.

குறுக்கிழை எழுதியது:

நூல்கண்டு அவர்கள் பொறுத்தருள வேண்டும். ஒன்றிரண்டு காதணி மணிகளுக்கு ஊசி சரி. ஒரு மாலைக்கே ஊசியால் குத்திக்கொண்டிருந்தால் மணிக்கட்டு போய்விடும், ஊசியும் ஒடியும். குத்திய திசையிலேயே வெளியே இழுக்காமல் சற்றுச் சாய்த்துவிட்டால் போதும், முனை மணிக்குள்ளேயே தங்கிவிடும். அணிகலனுக்குள் ஊசிமுனை என்பது விளையாட்டல்ல. ஏற்கெனவே மடிப்பு விழுந்த மணியைக் காப்பாற்றுவதற்கு மட்டும் நான் ஊசியை எடுப்பேன். பள்ளத்தின் மேல் மெல்லிய நாரை வைத்து ஊசியால் நிரப்பி, மீண்டும் ஈரத்தில் ஒரு சுற்று உருட்டினால் தழும்பு தெரியாது. அதற்கும் மசியாதவற்றைக் கூரான கத்தியால் இரண்டாக வெட்டிவிடுங்கள். உள்ளே வேறுவேறு நிறத்தில் அடுக்கியிருந்தால், மரத்தின் வளையங்களைப் போன்ற அழகான முகம் வெளிப்படும். என் காதணிகளில் பாதி அப்படிப் பிழைத்தவைதான். ஆனால் உள்ளேயும் இறுகிய மணிக்குத்தான் இது பொருந்தும்.

துளைக்கு வருவோம். மணிகளைச் சோப்புப் போக அலசி, துண்டில் வைத்துப் பிழிந்து, பிழிந்ததில் குலைந்த வடிவத்தை மீண்டும் உருட்டிச் சீராக்கி, முழுவதும் உலரவிடுங்கள். பெரிய மணிக்கு இரண்டு நாள்கூட ஆகும். பிறகு நீளமான தடித்த ஊசியை ஒரு பக்கத்திலிருந்து பாதிவரை செலுத்திவிட்டு நிறுத்துங்கள். ஊசியின் பின்பகுதியை இரண்டு விரல்களுக்கிடையே வைத்துச் சுழற்றிப் பாருங்கள். மணி பம்பரம்போல நிலையாகச் சுழன்றால் நடு சரி, தள்ளாடினால் தவறு. தவறினால் உருவியெடுத்து மீண்டும் குத்தலாம். கண்ணாடி மணியைப்போல அல்ல, கம்பளி தன் துளையைத் தானே மூடிக்கொள்ளும். நடு சரியென்று தெரிந்ததும் ஊசியை முழுவதும் செலுத்துங்கள். மறுபக்கம் எட்டிப் பார்க்கும் முனையைக் குறடால் பிடித்து இழுப்பதே விரலுக்கு நல்லது.

சாதாரணப் பருத்தி நூல் இந்த இழுப்பில் அறுந்துவிடும். மெழுகு தடவிய தடித்த நூலைப் பயன்படுத்துங்கள். கம்பளி மணி தன்னுள் செல்லும் நூலை இறுகப் பற்றுவதால் மணிகளுக்கிடையே முடிச்சுகூடத் தேவையில்லை, நிறுத்திய இடத்திலேயே நிற்கும். காதணிக்கு ஹெட் பின் என்னும் தலையுள்ள கம்பியைச் செருகும்போது மட்டும் கவனம் வேண்டும். அதன் தட்டையான தலை கம்பளிக்குள் அமிழ்ந்து மறுபக்கமாக வந்துவிடும் என்பதால், முதலில் ஒரு சிறு கண்ணாடி மணியையோ உலோகக் கிண்ணியையோ கோர்த்துவிட்டுப் பிறகு கம்பளி மணியைக் கோர்க்க வேண்டும்.

பஞ்சுப்பொதி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று 1 கிராம் வீதம் ஆறு குவியல்கள் நிறுத்துவைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முக்காமல் உருட்டினேன். ஐந்து மணிகள் மடிப்பின்றி வந்தன. ஆறாவதில் பொறுமையிழந்து அழுத்திவிட்டேன், அது மட்டும் பழைய கதையாயிற்று. சுழற்றிப் பார்க்கும் உத்தி மிகவும் உதவியது, இரண்டு மணிகளைத் திரும்பக் குத்த வேண்டியிருந்தது. ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது: சிவப்பு மணிகளை அலசும்போது நீர் கடைசிவரை இளஞ்சிவப்பாகவே வந்தது. வெள்ளை மணிகளோடு சேர்த்துக் கோர்க்கலாமா?

ஊசிமுனை எழுதியது:

இப்போதைக்கு வேண்டாம். கடைசி அலசலில் ஒரு கரண்டி வினிகரைச் சேருங்கள். அது மணியில் தங்கிய சோப்பின் காரத்தை முறிக்கும், ஆனால் சாயம் இறங்காமலிருக்க அதை மட்டுமே நம்பிவிடக் கூடாது. ஒரு சிவப்பு மணியை ஈரமான வெள்ளைத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். துணியில் கறை ஏறினால் அந்தச் சிவப்பைக் கறுப்போடு கோர்த்துவிட்டு, வெள்ளைக்கு வேறு நாரைத் தேடுங்கள். வியர்வை படும் கழுத்தில் அந்தச் சாயம் மீண்டும் இறங்கும்.