1988 ஜான்சன் 9.9: பனிக்காலத்துக்கு எப்படி மூடி வைப்பது?

ரைஸ்ஏரிக்காரன்:
வணக்கம். போன வருடம் கனடாவின் பீற்றர்பரோவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் 14 அடி அலுமினியப் படகும் அதோடு 1988ஆம் ஆண்டு ஜான்சன் 9.9 (9.9 குதிரைவலுப் படகு மோட்டார்) ஒன்றும் வாங்கினேன். இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். பெற்றோலில் 50க்கு 1 கணக்கில் ஒயில் கலந்து ஊற்றுகிறேன். கோடை முழுக்க மூன்றாவது இழுவைக்குள் ஸ்டார்ட் ஆகியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. போன பனிக்கு முன் கிழவரே எல்லாம் செய்து தந்தார். இந்த முறை நான்தான். ஒரு கடையில் கேட்டேன், இவ்வளவு பழசைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கராஜுக்கு ஹீற்றர் கிடையாது. கலந்த பெற்றோல் அரைத் தாங்கி மிச்சம். அப்படியே விடலாமா? மோட்டாரைப் படுக்க வைக்கலாமா? நிற்க வைத்தால் வீட்டுக்காரியின் சைக்கிளுக்கு இடமில்லை.

பருத்தித்துறையான்:
தம்பி, எல்லாரும் பெற்றோலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பனி உடைப்பது கீழே இருக்கிற கியர் பெட்டியை. அதிலிருந்து தொடங்கும்.

மோட்டாரை நிமிர்த்திக் கட்டி, கீழே ஒரு பழைய தகரத்தை வைத்துக் கீழ்த் திருகாணியைக் கழற்றும், பிறகு மேல் திருகாணியை. முதலில் தண்ணி வடிந்தாலோ ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தாலோ சீல் (தண்ணி உள்ளே போகாமல் தடுக்கிற வளையம்) போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் தண்ணி ஜனவரியில் உறைந்து விரிந்தால் பெட்டி வெடிக்கும். பெட்டி வெடித்தால் மோட்டாருக்குக் கொடுத்த காசைவிடக் கூட வரும்.

ஒரு கவனம். வடிக்கிற திருகாணிகளின் தலையில் நேர்க்கோட்டு வெட்டு இருக்கும். பழைய ஜான்சன், எவின்ரூட் சிலவற்றில் பக்கத்திலேயே சிலுவை வெட்டோடு இன்னொன்று இருக்கும். அதைத் தொடாதேயும்! கியர் மாற்றுகிற நெம்புக்கு அதுதான் அச்சு. கழற்றினால் உள்ளே எல்லாம் கழன்றுவிடும், கீழ்ப்பகுதி முழுக்கப் பிரிக்க வேண்டும். எனக்கு இரண்டு சனிக்கிழமை அப்படிப் போனது.

புது ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றும், மேல் துளையால் வழியும் வரை. முதலில் மேலே மூடும், பிறகு கீழே. வாஷர் இரண்டும் புதிதாக இருக்கட்டும், சில டொலர்தான்.

இனிப் பெற்றோல். புதுப் பெற்றோலில் ஒயிலும் ஸ்டெபிலைசரும் (பெற்றோல் கெடாமல் வைத்திருக்கிற மருந்து) கலந்து, பெரிய குப்பைத்தொட்டி ஒன்றில் தண்ணி நிரப்பி, நியூட்ரலில் ஒரு 10 நிமிடம் ஓட விடும். தண்ணியில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதேயும், பம்பில் இருக்கிற ரப்பர் விசிறி கருகிவிடும். பிறகு பெற்றோல் குழாயைக் கழற்றும். மோட்டார் தடுமாறத் தொடங்கும்போது காபரேட்டர் வாயால் ஃபொக்கிங் ஒயிலை (எஞ்சின் உள்ளே துருப்பிடிக்காமல் காக்கிற ஸ்ப்ரே ஒயில்) அடியும், புகை தள்ளிக்கொண்டு நிற்கும். அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கடைசியாக ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி உள்ளேயும் அடித்து, கயிற்றை மெதுவாக நாலைந்து தரம் இழுத்துவிட்டு மூடும்.

ஊரில் அப்பாவின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடினது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கரை தெரிந்ததும் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிவிடுவார். ஒருநாள் மறந்துபோய் மண்ணெண்ணெய் உள்ளேயே நின்றுவிட்டது, விடியச் சாமம் கடற்கரையில் நானும் அண்ணையும் மாறி மாறி இழுத்தோம். காபரேட்டருக்குள் எதை நிற்கவிட்டோம் என்பது அன்றைக்கே தோளில் ஏறிவிட்டது.

மார்க்கம்_ஸ்பானர்:
அண்ணை சொன்னதில் ஒன்றே ஒன்று. குழாயைக் கழற்றி ஓடவிட்டாலும் காபரேட்டர் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அது காய்ந்து அரக்கு மாதிரிப் படிந்து ஜெட்டை (பெற்றோல் வருகிற சின்னத் துளையை) அடைக்கும். கிண்ணத்தையும் கழற்றி வடித்துவிடுங்கள்.

மிச்சப் பெற்றோலை வைக்கவேண்டாம். எத்தனோல் (ஒருவகை அல்கஹோல்) கலந்த பெற்றோல் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், அளவு மிஞ்சினால் எத்தனோலும் தண்ணியும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். உறிஞ்சும் குழாயும் அடியில்தானே இருக்கிறது. நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள்.

படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து நின்றால் உள்ளே இருக்கிற தண்ணி தானாக வடியும். 2x4 மரத்தில் ஒரு ஸ்டாண்ட் அடித்தால் சைக்கிளுக்கும் இடம் வரும்.

ரைஸ்ஏரிக்காரன்:
இன்றைக்குத் திறந்தேன். தண்ணி தனியாக வரவில்லை, ஆனால் ஒயில் சாம்பலும் பாலும் கலந்த மாதிரி. சிலுவைத் திருகாணி உண்மையிலேயே பக்கத்தில் இருந்தது, கை அதற்குத்தான் முதலில் போனது. அண்ணைக்கு ஒரு கும்பிடு. இப்போதே சீல் மாற்றவேண்டுமா?

பருத்தித்துறையான்:
புரொப்பெல்லரைக் கழற்றிப் பின்னால் பார்த்தீரா?

ரைஸ்ஏரிக்காரன்:
இப்போதுதான் பார்த்தேன். தண்டைச் சுற்றி மீன்பிடி நைலோன் நூல், ஒரு முழத்துக்குக் குறையாது. சீலுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. மஸ்கி மீன் பிடிக்கிறேன் என்று மச்சான் ஓகஸ்டில் அறுத்த நூல்தான், நிறம் தெரிகிறது.

பருத்தித்துறையான்:
அப்ப தண்டுச் சீல்தான். பழைய ஒயிலை இரவு முழுக்க வடியவிட்டுப் புதுசை நிரப்பி வையும், தண்ணியில்லாத ஒயில் உறைந்து பெட்டியை உடைக்காது. சீல் மாற்றுவதை ஏப்ரலில் செய்யலாம், ஆனால் மாற்றாமல் ஏரியில் இறக்காதேயும். காசை மச்சானிடம் வாங்கும்.

ரைஸ்ஏரிக்காரன்:
மச்சான் இதை வாசிக்கிறார். நூல் தன்னுடையது இல்லையாம்.